விறகென்று வாங்கி மரமென்று விற்பதா?

அண்மையில் ஒரு ரப்பர்த் தோட்டத்திற்கு நாம் போயிருந்தோம். மறுநடவுக்காகப் பழைய பால்மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். அடிமரம் ஏற்றிய லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறிக்கொண்டிருந்தன. லயத்து வாசலில் நின்று அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மையார் நம்மை அழைத்துச் சொன்னார்:

"தம்பி, அந்தக் காட்டுலே 22 வருசம் நான் பால் வெட்டினேன். எந்த மரம் நல்லாப் பால் குடுக்கும், எது ஏமாத்தும்னு இருட்டுலேகூடச் சொல்லுவேன். இப்போ மாரியம்மன் கோயில் திருவிழாச் சமையலுக்கு ஒரு சின்ன லோரி விறகு கேட்டா, 300 வெள்ளி குடுங்கன்னு சொல்றாங்க. அந்த மரத்தை எனக்கே வெலைக்கு விக்கிறாங்களே, இது என்ன நியாயம்?"

விசாரித்தோம். நிர்வாகம் அந்தக் காட்டு மரத்தையெல்லாம் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி ஒரு குத்தகைக்காரருக்குக் கொடுத்துவிட்டது. மரம் அவர் சொத்தாயிற்று. அவர் விலை சொன்னார். சட்டப்படி எவரும் குற்றம் செய்யவில்லை. ஆனால், குற்றம் இல்லாத இடத்திலெல்லாம் நியாயம் இருந்தே தீரும் என்று சொல்ல முடியுமா?

அந்த அம்மையாரின் கேள்விக்கு விடை தேடியபோது, விறகு வியாபாரத்தின் கணக்கையே புரட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. பார்த்ததைத் தொழிலாளத் தோழர்களின் முன் வைக்கிறோம்.

அன்று சுமை, இன்று சரக்கு

ஒரு காலத்தில் கிழட்டு ரப்பர் மரம் நிர்வாகத்திற்குத் தொல்லையாகவே இருந்தது. 25 அல்லது 30 ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை அகற்றினால்தான் புதுக் கன்று நட முடியும். அகற்றுவதற்குச் செலவு உண்டு, வரவு கிடையாது. ஆகையால் பல தோட்டங்களில் மரத்திற்கு நச்சு மருந்து பூசி, நின்றபடியே சாகவிட்டார்கள். அல்லது சாய்த்துக் குவித்துக் காட்டிலேயே எரித்தார்கள். அந்த நச்சு மருந்துப் பீப்பாயைத் தூக்கியதும் நம் மக்களின் கைகள்தாம்.

எஞ்சியது விறகாயிற்று. ஷீட் ரப்பரை உலர்த்தும் புகைக்கூடத்திற்கு அது போயிற்று. செங்கற் சூளைக்குப் போயிற்று. லயத்து அடுப்புக்கும் போயிற்று. தொழிலாளி கிளை பொறுக்கினால் தடுப்பவர் இல்லை. விலையில்லாப் பொருளுக்குக் காவல் எதற்கு?

பிறகு காலம் மாறியது. 1965-இல் தரப்படுத்தப்பட்ட கட்டி ரப்பர் அறிமுகமானது. அது எண்ணெய் எரித்த வெப்பக் காற்றில் உலர்ந்தது. புகைக்கூடத்தின் விறகுத் தேவை படிப்படியாகக் குறைந்தது. ஆனால் 1967-இல் பிறையில் இயங்கத் தொடங்கிய மலாயாவாத்தா உருக்காலை, இரும்பை உருக்க ரப்பர் மரக் கரியைப் பயன்படுத்தியது. எரித்துத் தொலைத்த மரத்திற்கு ஒரு பெரிய வாடிக்கை கிடைத்தது.

அதற்குப் பின் வந்ததுதான் பெரிய மாற்றம். ரப்பர் மரம் பூஞ்சைக்கும் வண்டுக்கும் எளிதில் இரையாகும். அதனால்தான் அதைப் பலகையாக எவரும் மதிக்கவில்லை. அறுத்த பலகையில் மருந்தேற்றிச் சூளையறையில் உலர்த்தினால் அது நிலைத்து நிற்கும் என்பது நடைமுறைக்கு வந்ததும், விறகு மரம் நாற்காலி மரமாயிற்று. மூவாரைச் சுற்றி மரச்சாமான் தொழிற்சாலைகள் பெருகின. இன்று மலேசியா வெளிநாடுகளுக்கு அனுப்பும் மரச்சாமான்களில் பெரும்பகுதி, நாம் பால் வெட்டிய மரத்தில் செய்ததே. 2017 ஜூலையில் அறுத்த ரப்பர்ப் பலகையின் ஏற்றுமதிக்கு அரசாங்கம் தடை விதித்தது. உள்நாட்டு ஆலைகளுக்கு மரம் தட்டாமல் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். தட்டுப்பாடு வரும் அளவுக்குப் பொருள் உயர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மரத்தின் மதிப்பு உயர்ந்தது. ஆனால் தோட்டத்து வாசலில் அது இன்னும் எப்படி விற்கப்படுகிறது? பல இடங்களில் பழைய பழக்கப்படியே, "கிழட்டு மரம், விறகுக்குத்தான் ஆகும்" என்ற பேச்சோடு, ஏக்கர் கணக்கில் மொத்தமாக விற்கப்படுகிறது. கோளாறு இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கணக்கு

தோழர்களே, ஒரு கணக்குப் போடுவோம். இதில் வரும் எண்கள் இன்றைய சந்தை விலைகள் அல்ல. வியாபாரம் நடக்கும் விதத்தைப் புரிந்துகொள்வதற்காக நாமே வைத்துக்கொண்டவை.

ஒரு ஏக்கர் பழைய மரத்தைக் குத்தகைக்காரர் 1,000 வெள்ளிக்குப் பேசி எடுக்கிறார். அதில் 50 டன் பச்சை மரம் தேறுகிறது. அப்படியானால் அவர் மரத்திற்குக் கொடுத்தது டன்னுக்கு 20 வெள்ளி. சாய்க்க, துண்டுபோட, ஏற்ற டன்னுக்கு 30 வெள்ளி. லோரிக்கு 25 வெள்ளி. ஆக, ஒரு டன்னின் அடக்கம் 75 வெள்ளி. 50 டன்னுக்கு 3,750 வெள்ளி.

இப்போது விற்பனை. அத்தனையும் விறகாகவே, டன் 80 வெள்ளிக்குப் போனால் வரவு 4,000 வெள்ளி. மிச்சம் 250 வெள்ளி. லோரி ஒருமுறை சேற்றில் புதைந்தால் அந்த மிச்சமும் போய்விடும். "விறகில் ஒன்றும் இல்லை ஐயா" என்று குத்தகைக்காரர் சொல்வது பொய்யன்று. விறகில் உண்மையாகவே அதிகம் இல்லை.

ஆனால் அவர் அத்தனையையும் விறகாக விற்பதில்லை. அடிமரத்தில் நேராகவும் பருமனாகவும் உள்ளதை 6 அடித் துண்டுகளாகப் பிரித்து மரம் அறுக்கும் ஆலைக்கு அனுப்புகிறார். அது 20 டன் என்றும், ஆலை டன்னுக்கு 150 வெள்ளி தருகிறது என்றும் வைப்போம். அதில் 3,000 வெள்ளி. மீதி 30 டன் விறகாக 80 வெள்ளி வீதம் 2,400 வெள்ளி. மொத்த வரவு 5,400 வெள்ளி. செலவு அதே 3,750 வெள்ளி. மிச்சம் 1,650 வெள்ளி.

கவனியுங்கள்: இந்த 1,650 வெள்ளியில் விறகு தந்தது 150 வெள்ளி மட்டுமே. 1,500 வெள்ளியை அடிமரம் தந்தது. ஆகவே இலாபம் விறகின் விலையை ஏற்றியதால் வரவில்லை. மரத்தை விறகின் விலைக்கு வாங்கியதால் வந்தது. விறகென்று வாங்கி மரமென்று விற்பது என்று நாம் தலைப்பிட்டது இதைத்தான்.

ஒரே இலாபம், மூன்று விழுக்காடு

இந்த இலாபம் நியாயமானதா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு.

குத்தகைக்காரர், "விற்பனையில் எனக்கு நூற்றுக்கு 31-க்கும் குறைவாகத்தான் நிற்கிறது" என்பார். 5,400-க்கு 1,650, அவர் சொல்வது சரி. அவருக்குக் கடன் கொடுத்தவர், "போட்ட பணத்திற்கு நூற்றுக்கு 44 கிடைத்திருக்கிறதே" என்பார். 3,750-க்கு 1,650, அதுவும் சரி. மரத்தை விற்றவர் கணக்குப் பார்த்தால், "எனக்குக் கொடுத்த 1,000 வெள்ளிக்குமேல் நூற்றுக்கு 165 எடுத்துவிட்டீரே" என்பார். அதுவும் சரியே.

ஒரே பணம், மூன்று விழுக்காடு. ஆகையால் எவரேனும் இலாபத்தை விழுக்காட்டில் சொன்னால், "எதன்மேல் விழுக்காடு?" என்று முதலில் கேட்க வேண்டும். பேச்சுவார்த்தை மேசையில் உட்காரும் நம் தலைவர்கள் மட்டுமல்ல, சந்தையில் காய்கறி வாங்கும் தாய்மார்களும் கேட்டுப் பழக வேண்டிய கேள்வி இது.

எடையும் தண்ணீரும்

விறகு வியாபாரத்தில் கண்ணுக்குத் தெரியாத கூட்டாளி ஒருவர் உண்டு. அவர் பெயர் தண்ணீர். பச்சை மரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் நீர் இருக்கும். சாய்த்த அன்றே நிறுத்தால் ஓர் எடை. வெயிலில் கிடந்தபின் நிறுத்தால் வேறோர் எடை. விற்பவருக்குப் பச்சை எடை நல்லது. எரிக்க வாங்குபவருக்கு உலர்ந்த எடை நல்லது. எப்போது நிறுக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசாவிட்டால், காத்திருக்க முடிந்தவர் பக்கமே தராசு சாயும்.

எடையின்றி அடுக்கி அளந்தால் அதிலும் கண் வேண்டும். கோணல் கட்டைகளை இடைவெளி விட்டு அடுக்கினால் அளவு பெருகும்; மரம் பெருகாது. அந்த இடைவெளிக்கும் வாங்குபவர் காசு கொடுக்கிறார்.

இதே காரணத்தால், விலை ஏற்றம் எல்லாமே கொள்ளை என்று எண்ணுவதும் தவறு. கோலா செப்பெத்தாங்கில் பாக்காவ் மரத்தைச் சூளையில் கரியாக்குகிறார்கள். ஏறக்குறைய 40 டன் பச்சை மரம் உள்ளே போனால் 10 டன் கரிதான் வெளியே வருகிறது. கரியின் விலை மரத்தின் விலையைப்போல் 4 மடங்காக இருந்தால், அதில் இலாபம் காசளவும் இல்லை. சூளைக்காரரின் கூலிகூட இன்னும் சேரவில்லை. ரப்பர் மரம் அறுக்கும் ஆலையிலும் அப்படியே. வந்த அடிமரத்தில் மூன்றில் ஒரு பங்கு நல்ல பலகையாகத் தேறினால் பெரிது. மற்றது பட்டையும் தூளும் கழிவும். நாம் நியாயம் கேட்பவர்கள்; ஆகவே மற்றவர் செலவையும் நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

காத்திராத மரம்

விலை பேசுவதில் இன்னொரு தந்திரம் உண்டு. சாய்த்த ரப்பர் மரம் காத்திராது. சில நாட்களில் நீலக் கறை படரும், வண்டு துளைக்கும். ஆலைக்குப் போக வேண்டிய அடிமரம் அப்போது உண்மையாகவே விறகாகிவிடும். ஆகையால் மரம் நிற்கும்போது விலை பேசுபவருக்கு ஒரு பலம் உண்டு. சாய்த்தபின் பேசுபவருக்கு அது இல்லை. வாங்குபவர் இரண்டு நாள் "நாளை வருகிறேன்" என்று சொன்னாலே போதும்; விலை தானாக இறங்கும்.

தோட்டம் பெரிதென்றால் நிர்வாகம் தன்னைக் காத்துக்கொள்ளும். அகப்பட்டுக்கொள்பவர் சிறு தோட்டக்காரர். நம்மவர்களில் பலர் ஓய்வுப் பணத்தில் இரண்டு மூன்று ஏக்கர் வாங்கி வைத்திருக்கிறார்கள். அவர்கள் மரம் விற்கும்போது ஒருவரிடம் மட்டும் விலை கேட்கிறார்கள், மொத்தமாகப் பேசுகிறார்கள், எடைச் சீட்டைப் பார்ப்பதே இல்லை. முன்பணம் கைக்கு வந்ததும் மரத்தை மறந்துவிடுகிறார்கள். இது நம் குறை; இதற்கு வெள்ளைக்காரத் துரையைக் குறை சொல்ல முடியாது.

நமக்கென்ன உரிமை?

இனி, அந்த அம்மையாரின் கேள்விக்கு வருவோம். மரம் நட்ட நிலம் நிர்வாகத்துடையது. கன்று வாங்கியதும் உரம் போட்டதும் நிர்வாகத்தின் பணம். பால் வெட்டியதற்குக் கூலி கொடுத்தாயிற்று. பிறகு மரத்தில் தொழிலாளிக்கு என்ன பாத்தியதை என்று கேட்பார்கள்.

நம் பதில் இது. பட்டையைக் காயப்படுத்தாமல், ஆழம் தவறாமல் வெட்டுவது பயின்ற கையின் வேலை. கத்தி ஆழப் பாய்ந்தால் மரம் முண்டு முண்டாகப் புண்படும். அந்தப் புண்பட்ட அடிமரத்தை ஆலை கழித்துவிடும். 25 ஆண்டுகள் விடியுமுன் தலைவிளக்கோடு போய், அந்த மரத்தைப் பழுதில்லாமல் காத்துக் கொடுத்த கை யாருடையது? இன்று ஆலை நல்ல விலை கொடுப்பது அந்தக் கைக்கும் சேர்த்துத்தான். கூலி, பாலுக்குக் கொடுத்தது. மரத்துக்கு எவரும் எதுவும் கொடுக்கவில்லை.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. அதன் பிறகு செய்த ஒப்பந்தங்களில், பால்வெட்டுக் கூலி ரப்பரின் விலையோடு இணைக்கப்பட்டது. பொருளின் விலை ஏறினால் அதில் உழைத்தவனுக்கும் ஒரு பங்கு உண்டு என்ற கொள்கையை முதலாளிமாரும் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டார்கள். பாலுக்குப் பொருந்திய கொள்கை மரத்துக்குப் பொருந்தாதா? அன்று மரத்திற்கு விலை இல்லை. ஆகவே நாம் கேட்கவில்லை. இன்று விலை இருக்கிறது, ஆகவே கேட்கிறோம்.

மரம் சாயும் நாள் தொழிலாளிக்குச் சோதனை நாளும் ஆகும். மறுநடவு என்றால் புதுக் கன்று பால் கொடுக்க ஆறேழு ஆண்டு ஆகும். செம்பனைக்கு மாற்றினாலோ, நிலத்தை வீடமைப்புக்கு விற்றாலோ, பால்வெட்டுக்கே வேலை இல்லை. அப்படி நிறுத்தப்பட்டால் 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, 5 ஆண்டுக்குமேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் கூலி. 25 ஆண்டு உழைத்தவருக்கு 500 நாள் கூலி. அதோடு கணக்கு முடிந்தது. அவர் நிரையிலிருந்த மரமோ அன்றுதான் லோரி ஏறிப் புதுக் கணக்குத் தொடங்குகிறது!

நாம் கேட்பது

முதலாவது: மரத்தை ஏக்கர் கணக்கில் மொத்தமாக விற்பதை நிறுத்தி, எடைக் கணக்கில் விற்க வேண்டும். ஆலைக்குப் போகும் அடிமரத்திற்கு ஒரு விலை, விறகுக்கு ஒரு விலை என்று பிரித்துப் பேச வேண்டும். மேலே போட்ட கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். விறகுக்கு டன் 20 வெள்ளியும் அடிமரத்திற்கு 50 வெள்ளியும் என்று பேசியிருந்தால், தோட்டத்திற்கு ஏக்கருக்கு 1,000 வெள்ளிக்குப் பதில் 1,600 வெள்ளி வந்திருக்கும். குத்தகைக்காரருக்கும் 1,050 வெள்ளி நிற்கும். விற்பனையில் நூற்றுக்கு 19-க்குமேல். அவர் பிழைப்பு கெடவில்லை. 100 ஏக்கர் காட்டில் கூடுதலாகக் கிடைப்பது 60,000 வெள்ளி.

இரண்டாவது: அந்தக் கூடுதல் வரவில் ஒரு பங்கு, அந்தக் காட்டில் பால் வெட்டியவர்களைச் சேர வேண்டும். எவ்வளவு என்பதைப் பேச்சுவார்த்தை முடிவு செய்யட்டும். இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து இன்று நம்மோடு பால் வெட்டும் தோழர்களையும் இதில் விலக்கலாகாது. கத்தி பிடித்த கைக்கு நாடு கேட்பது தொழிற்சங்க முறையன்று.

மூன்றாவது: மரம் நிற்கும்போதே, ஒருவருக்கு மேற்பட்டவரிடம் விலை கேட்டு ஒப்பந்தம் செய்ய வேண்டும். எடைச் சீட்டின் நகல் ஒன்று தோட்டச் சங்கக் கிளைக்கு வர வேண்டும்.

நான்காவது: லயத்து அடுப்புக்கும், கோயில் திருவிழாவுக்கும், கல்யாணம் கருமாதிக்கும் வேண்டிய கிளை விறகைத் தொழிலாளருக்கு இலவசமாக ஒதுக்க வேண்டும் என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். நம் கணக்கில் பார்த்தீர்கள். விறகில் குத்தகைக்காரருக்கு நிற்பது டன்னுக்கு 5 வெள்ளி. அதற்காக ஒரு கிழவியை வாசலில் நிறுத்தி விலை பேச வேண்டுமா?

சிறு தோட்டக்காரர்களுக்கும் ஒரு சொல். தனித்தனியே விற்காதீர்கள். பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரே காலத்தில் மறுநடவு செய்தால், வாங்குபவர் உங்களைத் தேடி வருவார். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960-இல், வீ. தி. சம்பந்தன் அவர்கள் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். தொழிலாளியின் சில்லறைக் காசு சேர்ந்து தோட்டங்களையே வாங்கியது. தோட்டத்தை வாங்க முடிந்த மக்களால் ஒரு லோரி மரத்திற்கு ஒழுங்காக விலை பேச முடியாதா?

சங்கக் கிளைத் தோழர்களே! உங்கள் தோட்டத்தில் மறுநடவு வரப்போகிறது என்று தெரிந்தால், மரம் சாயும்வரை காத்திராதீர்கள். நிர்வாகத்திடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: மரம் எடையிலா, ஏக்கரிலா விற்கப்படுகிறது? அடிமரத்திற்குத் தனி விலை உண்டா? பால் வெட்டியவர்களுக்கு என்ன பங்கு? பதில் வந்தாலும் வராவிட்டாலும் நமக்கு எழுதுங்கள். பத்துத் தோட்டங்களின் கணக்கு ஒன்று சேர்ந்தால், அடுத்த பேச்சுவார்த்தையில் மேசைமேல் வைக்க நம்மிடம் வெறும் கையல்ல, ஆதாரம் இருக்கும்.

அந்த அம்மையார் 300 வெள்ளி கொடுக்கவில்லை. லயத்து மக்கள் காசு சேர்த்து, எரிவாயுத் தோம்பு வாங்கித் திருவிழாச் சமையலை முடித்தார்கள். அவர் 22 ஆண்டு வெட்டிய மரம் அவர் வாசல் வழியாகவே போய்விட்டது. அடுத்த தோட்டத்திலேனும் அது அப்படிப் போகாமல் பார்த்துக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது.